செஸ் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு எழுதவும் தெரியவேண்டும்

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். வார இறுதிப் போட்டிகளில் நடுவராகவும் நிற்பதுண்டு. நன்றாக ஆடும் தொடக்கநிலைப் பிள்ளைகள்கூட, நகர்த்தல்களை எழுதும் தாளான ஸ்கோர் ஷீட்டைக் கொடுத்தால் விழிக்கிறார்கள். கைப்பேசிச் செயலியில் நகர்த்தல்கள் தானாகவே பதிவாகிவிடுகின்றன. ரேபிட், பிளிட்ஸ் எனும் குறைந்த நேரப் போட்டிகளில் எழுதும் கட்டாயமே இல்லை. அதனால் நீண்ட நேரம் ஆடும் முதல் ஸ்டாண்டர்ட் போட்டியில்தான் விஷயம் வெளியே வருகிறது.

எழுதும் முறை எளிது. நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, கிடைவரிசைகளுக்கு வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண். சிப்பாய் நகர்ந்தால் 'ஈ4' என்று கட்டத்தை மட்டும் எழுதினால் போதும். மற்ற காய்கள் நகர்ந்தால், கட்டத்துக்கு முன்னால் அந்தக் காயின் ஆங்கில எழுத்தும் வரும். இரண்டு குதிரைகளும் ஒரே கட்டத்துக்கு வரமுடியும் என்றால், எது வந்தது என்பதையும் காட்டவேண்டும். இதைத்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள். கறுப்பில் ஆடும்போது தம் பக்கத்திலிருந்து எண்ணி, ஈ5-ஐ 'ஈ4' என்று எழுதுவதும் சகஜம். பழைய ஆங்கிலமுறையில் உண்மையிலேயே அப்படித்தான் எண்ணுவார்கள். ஆனால் 1981 முதல் உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடே அதை ஏற்பதில்லை. வீட்டில் தாத்தா காலத்துச் செஸ் புத்தகம் இருந்தால் கவனம்.

பாதிப்பு பெரிதாகத் தெரிவது டிரா (சமநிலை முடிவு) கேட்கும்போதுதான். பலகையில் ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் அதைக் கேட்கலாம். தன் நகர்த்தலால் ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை காயை நகர்த்தி, கடிகாரத்தை அழுத்திவிட்டுக் கையைத் தூக்குகிறது. உரிமை போயிற்று! காயைத் தொடாமல், அந்த நகர்த்தலைத் தாளில் எழுதி, அதன்பிறகு நடுவரை அழைக்கவேண்டும். எதிராளியின் நகர்த்தலால் அந்த நிலை வந்திருந்தாலும், காயைத் தொடும் முன்பே கேட்டுவிடவேண்டும். நான் முதலில் பார்ப்பது தாளைத்தான். அதில் நாலைந்து நகர்த்தல்கள் விடுபட்டிருந்தால் சரிபார்ப்பது பெரும்பாடு. கோரிக்கை தவறு என்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்.

இப்படி டிரா கேட்கும் நேரம் தவிர, முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு ஆடக்கூடாது. "முதலில் எழுது, அப்புறம் ஆடு" என்று பழைய பயிற்றுநர்கள் சொன்னது இன்று விதிமீறல்.

நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் எழுதவேண்டாம் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடும் ஆட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. எல்லாப் போட்டியிலும் தொடக்கம் முதலே அப்படி நேரம் கூடும் என்பதில்லை; 2024-இல் செந்தோசாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் முதல் 40 நகர்த்தல்களுக்கு நேரம் கூடவில்லை. 41-இலிருந்துதான் 30 விநாடி கூடியது.

பயிற்சிக்கும் அந்தப் போட்டியே போதும். இந்தியாவின் குகேஷ் பட்டம் வென்ற 14-ஆவது ஆட்டத்தைப் பலகையில் ஆடவிட்டு, பேனாவால் எழுதச் சொல்லுங்கள். அவரிடம் தோற்ற சீனாவின் டிங் லிரென் யானையை எஃப்2-க்கு வைத்த 55-ஆவது நகர்த்தல் வரை வந்தபின், செயலியில் உள்ள பதிவோடு ஒப்பிட்டால் பிழைகள் தெரிந்துவிடும்.

ஆட்டம் முடிந்ததும் முடிவு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தவறாக இருந்தாலும், நடுவர் மாற்றாதவரை அதுவே நிற்கும்.