மறிப்பி: ‘ஆன்டகனிஸ்ட்’ என்பதற்கு எது சரியான தமிழ்?

உயிரணுவில் வேதிச் செய்தியை வாங்கும் புரதம் ஏற்பி. அதில் போய் அமர்ந்துகொண்டு, அதைத் தான் இயக்காமலும், இயக்க வரும் பொருளுக்கு இடம் விடாமலும் இருக்கும் சேர்மத்தை மருந்தியல் ‘ஆன்டகனிஸ்ட்’ என்கிறது. கிரேக்கத்தில் ‘அகோன்’ என்றால் போட்டி. களத்தில் எதிரே நிற்கும் போட்டியாளன் என்பதே சொல்லின் வேர்ப்பொருள்.

தமிழில் பெரும்பாலும் ‘தடுப்பான்’ என்று எழுதிவிடுகிறோம். நரம்பணுக்களிடையே செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள்களான நரம்புக்கடத்திகளில், ஒடுக்கும் வகையைப் பேசும்போது அது காலை வாரிவிடும். காபா, கிளைசின் இரண்டும் ஏற்கெனவே ‘தடுக்கும் கடத்திகள்’ ஆயிற்றே! அவற்றின் ஏற்பிக்கும் ஒரு ‘தடுப்பான்’ என்றால், நரம்பு அடங்கும் என்றே படிப்பவர் எண்ணுவார். நடப்பது நேர்மாறு. காபா-ஏ ஏற்பி, ஐந்து துணையலகுகள் வளையமாகக் கூடிய அயனி வாய்க்கால், அதாவது மின்னூட்டத் துகள்கள் செல்லும் புரதத் துளை. காபா ஒட்டியதும் அது திறந்து குளோரைடை உள்ளே விடும். முதிர்ந்த நரம்பணு அமைதியாகும். திறக்கவிடாமல் செய்தால் கடிவாளம் அறுந்து வலிப்பு வரும்.

ஆகவே கடத்தியின் வேலைக்கு ‘ஒடுக்கல்’, சேர்மத்துக்கு ‘மறிப்பி’ என்று பிரித்துக்கொள்வதே நல்லது. மறியல் செய்பவர் வழியில் உட்காருவாரே தவிர வண்டியை ஓட்டுவதில்லை. பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. சிலர் எழுதும் ‘எதிரியக்கி’ இங்கே பொருந்தாது. ஏற்பியின் இயல்பான செயலையும் கீழே இறக்கும் ‘இன்வெர்ஸ் அகோனிஸ்ட்’டுக்கு அதை ஒதுக்கிவைக்கலாம்.

எல்லா மறிப்பும் ஒன்றல்ல. பைக்குகுலின் காபா ஒட்டும் இடத்திலேயே போட்டியிடுகிறது. காபாவைக் கூட்டினால் விலகும். காக்கைக்கொல்லி விதையில் கிடைக்கும் பிக்ரோடாக்சின் வாய்க்காலின் துளைக்குள் நிற்கிறது. எவ்வளவு காபா ஊற்றினாலும் முழுதாக விலகாது. இதைத் ‘துளையடைப்பி’ என்று தனியே சொல்லவேண்டும். எட்டியின் உறவான இக்னேஷியஸ் கொட்டையிலிருந்து 1818இல் முதலில் பிரித்தெடுத்த, எட்டிக்கொட்டையிலும் உள்ள ஸ்ட்ரிக்னின், கிளைசின் ஏற்பியின் போட்டி மறிப்பி.

ஒரு ஏற்பியை மட்டும் ‘தேர்ந்து மறிக்கும்’ என்று எழுதும்போது செறிவையும் சேர்த்தே எழுதுங்கள். ஸ்ட்ரிக்னின் 1 மைக்ரோமோலார் செறிவில் கிளைசின் ஏற்பியை மறிக்கும், காபா-ஏ ஏற்பியைப் பெரிதும் தொடாது. பல மடங்கு கூட்டினால் அதையும் தொடும். மூளைத் துண்டச் சோதனைகளில் வழக்கமான 100 மைக்ரோமோலார் பிக்ரோடாக்சின், ஆல்பா வகைத் துணையலகுகள் மட்டுமே கொண்ட கிளைசின் ஏற்பிகளையும் அடைக்கும். பைக்குகுலின் உப்பேற்றாத வடிவில் உடல் காரகாடித்தன்மையில் விரைவில் சிதைவதால் மெத்தயோடைடு என்ற உப்பு வடிவை எடுப்பார்கள். அதுவோ, கால்சியத்தால் திறந்து துடிப்புக்குப் பின் நரம்பணுவை அடக்கும் எஸ்கே பொட்டாசியம் வாய்க்கால்களையும் மறிக்கிறது. ஆகவே நரம்பணுவின் மின்துடிப்புத் தொடர்கள் நீண்டுபோனால், காபா மறிப்புதான் காரணம் என்று முடிவுகட்டும் முன் இன்னொரு காபா-ஏ போட்டி மறிப்பியான காபசினை 10 மைக்ரோமோலார் அளவில் இட்டு அதே சோதனையை மீண்டும் செய்து பார்க்கவேண்டும்.