அரசு மருத்துவமனையின் பதிவேடுகளைக் கேட்டுப் பெறுவது எப்படி

இரவில் மருத்துவர் இல்லை என்றோ, மருந்தை வெளியே வாங்கச் சொல்கிறார்கள் என்றோ திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தவர்கள் பலருக்கு, அம்மனு குற்றச்சாட்டுக்கு உள்ளான மருத்துவமனைக்கே போய், "சேவை தொய்வின்றி வழங்கப்படுகிறது" என்ற ஒற்றை வரிப் பதிலாகத் திரும்புகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி 30 நாட்களுக்குள் பதில் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே மனுவோடு நிற்காமல், இச்சட்டத்தின்படி மருத்துவமனையின் பதிவேடுகளைக் கேட்டும் விண்ணப்பியுங்கள்.

முதல் சிக்கல் முகவரிதான். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதன் முதல்வரின் பொறுப்பிலும், ராமேஸ்வரம், கீழக்கரை போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகள் நலப்பணிகள் இணை இயக்குநரின் பொறுப்பிலும், உச்சிப்புளி, தேவிபட்டினம் போன்ற ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் மாவட்ட சுகாதார அலுவலரின் பொறுப்பிலும் இருக்கின்றன. இடம் மாறிப் போன விண்ணப்பத்தை 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியது அதைப் பெற்ற அலுவலரின் கடமை (பிரிவு 6(3)). ஆனால், "எங்கள் அலுவலகம் சார்ந்ததல்ல" என்று எழுதித் திருப்பிவிடுவதுதான் அவர்களுக்கு எளிதாக இருக்கிறது. இந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

அடுத்தது கேள்வியின் வடிவம். "ஏன் மருத்துவர் வரவில்லை?" என்று கேட்டால், விளக்கம் தர இச்சட்டத்தில் இடமில்லை என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள். ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள், காலிப் பணியிடங்கள், குறிப்பிட்ட ஒரு மாதத்தின் வருகைப் பதிவேடு, மருந்து இருப்புப் பதிவேடு, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டோரின் எண்ணிக்கை, நோயாளர் நலச் சங்கத்தின் கூட்டக் குறிப்பு, வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைக் கேளுங்கள். மாற்றுப்பணி ஆணைகளையும் மறவாமல் கேட்க வேண்டும். ஏனெனில் தாளில் நிரப்பப்பட்டதாகக் காட்டப்படும் மருத்துவர் வேறு ஊரில் பணிபுரிந்துகொண்டிருப்பதும், காலிப் பணியிடமே இல்லை என்ற பதில் அதனால் பொய்யாகாமல் போவதும் இங்கே வழக்கமாகிவிட்டது. நோயாளிகளின் பெயரைக் கேட்காதீர்கள், அதைச் சாக்காக வைத்தே முழு விண்ணப்பத்தையும் மறுக்கப் பார்ப்பார்கள்.

மீனவர் சங்கத்தின் பெயரிலும் கடிதத்தாளிலும் அனுப்புவது கரையோர ஊர்களில் அதிகம். உரிமை குடிமகனுக்கே என்று அதைத் தள்ளிவிடுகிறார்கள். தலைவரானாலும் தம் சொந்தப் பெயரில் கையொப்பமிட வேண்டும். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று இணைத்தால் அதுவும் வேண்டியதில்லை. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் பெறாமல் வெளியே வராதீர்கள்.

பதில் வராவிட்டால், "அடுத்த வாரம் வாருங்கள்" என்ற வாய்மொழியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். கெடு முடிந்த 30 நாட்களுக்குள், பதில் தராதவருக்கு மேல்நிலையில் உள்ள அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்தாக வேண்டும். அந்தக் காலம் கடந்துபோகவே பலர் அலையவிடப்படுகிறார்கள். கடலுக்குப் போகிறவர்கள், பகலில் ஆள் இருக்கும் வீட்டின் முகவரியைக் கொடுப்பது நல்லது. கதவு பூட்டியிருந்ததாகக் குறிப்பெழுதி அஞ்சல் திரும்பினாலும், பதில் அனுப்பியாயிற்று என்றே அலுவலகம் கணக்குக் காட்டும்.