பேக்லைட்டை 100-இல் வைக்காதீர்கள்

இந்த வாரத்தில் இது நான்காவது டிவி. சத்தம் வருகிறது, ரிமோட்டுக்குக் கட்டுப்படுகிறது, திரை மட்டும் இருட்டு. அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் திரைக்கு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தேன். அந்த வெளிச்ச வட்டத்துக்குள் செய்தி வாசிப்பவரின் முகமும் கீழே ஓடுகிற எழுத்தும் நிழல்போலத் தெரிந்தன. படம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் பின்னாலிருந்து காட்டுகிற விளக்கு, அதாவது பேக்லைட்தான், போய்விட்டது.

"தம்பி, வாங்கி மூணு வருஷம்கூட ஆகலையே" என்றார் அந்த வீட்டு அம்மா.

கழற்றிப் பார்த்தால் நான்கிலும் ஒரே காட்சி. பேனலையும் அதன் பின்னால் உள்ள வெள்ளைத் தாள்களையும் எடுத்துவிட்டால், அடியில் வரிசையாக எல்இடி பட்டைகள் இருக்கும். ஒவ்வொரு எல்இடிக்கு மேலும் பட்டன் அளவில் ஒரு லென்ஸ். இந்த டிவியில் இரண்டு லென்ஸ்கள் கழன்று கீழே கிடந்தன. எல்இடியைச் சுற்றி வெள்ளையாக இருக்க வேண்டிய தாள், சூட்டில் பழுப்பு வளையமாகக் கருகியிருந்தது. பட்டைகளை மாற்றி, திரும்பப் பூட்டி, டிவியைப் போட்டு மெனுவைத் திறந்தேன். பிக்சர் மோட்: டைனமிக். பேக்லைட்: 100. "நாங்க எதையும் தொடவே இல்லையே" என்றார் அந்த அம்மா. தொடாததுதான் பிரச்சினை, அம்மா.

விவிட், டைனமிக் என்று பல பெயரில் வரும் அந்த மோட் வீட்டுக்காகச் செய்ததே இல்லை. கடையில் மேலே பத்து விளக்குகள் எரியும், பக்கத்தில் இருபது டிவிகள் ஓடும். அவற்றுக்கு நடுவே கண்ணை இழுப்பதற்காக, வெளிச்சத்தையும் வண்ணத்தையும் உச்சத்துக்கு ஏற்றி வைத்த மோட் அது. அதே டிவியை ஒற்றை விளக்கு எரியும் அறைக்குக் கொண்டுவந்து, அதே வெளிச்சத்தில் வருடக்கணக்கில் ஓட்டுகிறோம்.

முதல்முறை டிவியைப் போடும்போது "வீடா, கடையா" என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் கடை என்று அமுக்கிவிட்டால் இன்னொரு தலைவலி. நீங்கள் எதை மாற்றினாலும் கொஞ்ச நேரத்தில் தானாகப் பழையபடி திரும்பிவிடும். "செட்டிங் நிற்கவே மாட்டேங்குது, போர்டு போயிடுச்சு" என்று கூப்பிடுகிறவர்களில் பலருக்கு போர்டில் ஒரு குறையும் இருக்காது. மெனுவில் கடையை வீடாக மாற்றினால் வேலை முடிந்தது.

சரி, என்னை அதிகம் வாட்டும் விஷயத்துக்கு வருகிறேன். பிரைட்னஸ் வேறு, பேக்லைட் வேறு. இதை எத்தனை வீடுகளில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இங்கேயும் பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

எல்இடி டிவி என்று நாம் சொல்வது எல்சிடி டிவிதான். முன்னால் இருக்கிற பேனலுக்குச் சொந்த ஒளி கிடையாது. அது லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கதவுகள் கொண்ட ஒரு கண்ணாடி. பின்னால் எரியும் எல்இடி வெளிச்சத்தை எங்கே விடுவது, எங்கே தடுப்பது என்பதுதான் அதன் வேலை. பேக்லைட் என்கிற செட்டிங் அந்தப் பின்விளக்கின் அளவு. விளக்கின் ஆயுளும் சூடும் இதைப் பொறுத்தவை. மின்சாரச் செலவில் பெரும்பங்கும் இதற்குத்தான் போகிறது.

பிரைட்னஸ் என்பது, பெயர் எப்படி இருந்தாலும், கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற செட்டிங். அதை ஏற்றினால் கறுப்பெல்லாம் சாம்பலாகி, படம் முழுக்கப் புகை மூட்டம் போட்டதுபோல வெளுத்துவிடும். அதிகமாக இறக்கினால் கறுப்புச் சட்டையும் கறுப்பு முடியும் ஒரே மைத்தீற்றலாகிவிடும். கான்ட்ராஸ்ட் இதற்கு மறுமுனை. அதை அளவுக்கு மீறி ஏற்றினால் வெள்ளைச் சட்டையின் மடிப்புகளும் மேகத்தின் விளிம்புகளும் காணாமல் போகும்.

ஆக, படம் இருட்டாகத் தெரிகிறது என்று பிரைட்னஸை 80-க்கு ஏற்றினால் வெளிச்சம் கூடாது, படம்தான் கெடும். இரவில் கண் கூசுகிறது என்று பிரைட்னஸை 20-க்கு இறக்கினால் விளக்கு அதே சூட்டில் எரிந்துகொண்டிருக்கும், இருட்டுக் காட்சியில் மட்டும் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் கூட வேண்டுமா, குறைய வேண்டுமா, தொட வேண்டியது பேக்லைட்டை. சில புதிய டிவிகளில் பெயர்களை மாற்றிப் போட்டு இன்னும் குழப்புகிறார்கள்: பேக்லைட்டையே பிரைட்னஸ் என்றும், பழைய பிரைட்னஸை பிளாக் லெவல் என்றும் எழுதியிருப்பார்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு இருட்டுக் காட்சியை நிறுத்தி வைத்து அந்தச் செட்டிங்கை நகர்த்திப் பாருங்கள். கறுப்பு மட்டும் வெளுத்தால் அது பிளாக் லெவல். படம் முழுக்க ஒரே சீராக ஏறி இறங்கினால் அது பேக்லைட்.

பேக்லைட் எவ்வளவு வைக்கலாம் என்று எல்லோரும் ஒரு எண் கேட்கிறார்கள். உங்கள் அறையைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. ஜன்னல் வெளிச்சம் நேரே திரையில் விழும் அறைக்கும், இரவில் சிறு விளக்கோடு பார்க்கும் அறைக்கும் ஒரே எண் பொருந்தாது. நான் சரிசெய்கிற வீடுகளில் பெரும்பாலும் பகலில் 60-ஐ ஒட்டியும், இரவில் 30, 40 என்றும் நிற்கிறது. இரவுக்கு ஒரு மோட், பகலுக்கு ஒரு மோட் என்று தனித்தனியாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. முழு இருட்டில் பார்ப்பவர்கள் டிவிக்குப் பின்னால், சுவரைப் பார்த்து ஒரு சின்ன விளக்கு வையுங்கள். கண்ணுக்கு அது பெரிய ஆறுதல்.

பட்டை முழுதாகச் செத்துப்போவதற்கு முன்னால் பல நேரம் டிவியே உங்களுக்குச் சொல்லிவிடும். திரையில் அங்கங்கே வெள்ளை வட்டங்கள் தெரிந்தால் லென்ஸ் கழன்றுவிட்டது என்று அர்த்தம். படம் முழுக்க நீலமோ ஊதாவோ ஏறினால், எல்இடியின் மேல் இருக்கும் மஞ்சள் பூச்சு சூட்டில் கெடுகிறது. இந்தக் கட்டத்திலாவது கூப்பிடுங்கள். எல்இடிகள் தொடராகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒன்று அறுந்தாலே அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். பல டிவிகளில் பாதுகாப்புச் சுற்று மொத்தப் பின்விளக்கையும் நிறுத்திவிடும். தயவுசெய்து வீட்டில் நீங்களே திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் மின்னழுத்தம் தங்கியிருக்கும். பேனலோ அப்பளம் மாதிரி. மூலையைப் பிடித்துத் தூக்கினால் போய்விடும், அதை ஒட்டவும் முடியாது.

அப்புறம் வண்ணம். டைனமிக்கிலிருந்து சினிமா மோடுக்கு மாற்றிக் காட்டியதும் பத்தில் ஒன்பது பேர் சொல்வது: "ஐயோ, மஞ்சளா இருக்கே." மஞ்சள் இல்லை. இவ்வளவு நாள் பார்த்தது நீலம். ஒரு படத்தையோ தொடரையோ வண்ணம் சேர்த்து முடிக்கிற இடத்தில், வெள்ளை என்றால் 6,500 கெல்வின் என்ற அளவில்தான் வைத்துப் பார்க்கிறார்கள். கடை மோடுகளில் வெள்ளை அதைவிட மிக உயர்ந்த கெல்வினில், நீலம் ஏறி இருக்கும். அதற்குப் பழகிய கண்ணுக்கு உண்மையான வெள்ளை மஞ்சளாகத்தான் தெரியும். எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்லாமல் ஒரு வாரம் கொடுங்கள். அந்த வாரத்தில் ரிமோட்டை ஒளித்து வைத்தாலும் தப்பில்லை. எட்டாம் நாள் பழைய மோடுக்குப் போய்ப் பாருங்கள், முகங்களெல்லாம் குளிரில் விறைத்த மாதிரி தெரியும்.

ஷார்ப்னஸ் பற்றி. எச்டி டிவிதானே, ஷார்ப்னஸை முழுக்க வைத்தால்தானே முழு எச்டி என்று நினைக்கிறார்கள். ஷார்ப்னஸ் ஒரு புள்ளியைக்கூடப் புதிதாகக் கொண்டுவராது. விளிம்புகளை ஒட்டி ஒரு வெள்ளைக் கோட்டைப் போட்டு, கூர்மையாக இருப்பதுபோலக் காட்டும், அவ்வளவுதான். சேனல் லோகோவின் ஓரத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் ஓடினால் ஷார்ப்னஸ் அதிகம். அந்த நிழல் மறையும் வரை இறக்குங்கள். பல டிவிகளில் அது 0-க்குப் பக்கத்தில் வரும். சிலவற்றில் நடு எண்தான் இயல்பு, அதற்குக் கீழே போனால் படம் குழையும். கண்ணால் பார்த்து நிறுத்துங்கள்.

உண்மையான கூர்மை எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். 720-க்கு 576 அளவுள்ள சாதாரண எஸ்டி சேனலில் மொத்தம் 4,14,720 புள்ளிகள். 1920-க்கு 1080 அளவுள்ள முழு எச்டியில் 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. எஸ்டி சேனலை எச்டி திரையில் போட்டால் ஒரு புள்ளியை ஐந்தாக இழுத்து நிரப்ப வேண்டும். 4கே திரை என்றால் இருபதாக. டிவி கெட்டுவிட்டது என்று புலம்புவதற்கு முன், ஓடுவது எச்டி சேனல்தானா, செட்டாப் பாக்ஸ் அதன் மெனுவில் எச்டியாகத்தான் அனுப்புகிறதா என்று பாருங்கள். பாக்ஸிலிருந்து மூன்று வண்ண ஏவி வயர் போட்டு வைத்துவிட்டு, எச்டி தெரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. மஞ்சள் முனை வயரில் எச்டி வராது. எச்டிஎம்ஐ போடுங்கள். வேலை செய்கிற எச்டிஎம்ஐ கேபிளுக்குப் பதில் விலை கூடியதை வாங்கினால் படம் அழகாகும் என்பதும் பொய். அது டிஜிட்டல். சிக்னல் முழுதாக வந்து சேர்ந்துவிட்டால் அதற்கு மேல் கேபிள் சேர்க்க ஒன்றுமில்லை.

எச்டிஎம்ஐயில் வந்தும் சில டிவிகள் படத்தின் நாலு ஓரங்களையும் கொஞ்சம் வெட்டிவிட்டு, மீதியைப் பெரிதாக்கிக் காட்டும். பிக்சர் டியூப் காலத்துப் பழக்கம் அது. இப்போது அதற்குத் தேவையே இல்லை. கீழே ஓடும் செய்தி வரி பாதி வெட்டுப்பட்டால் அதுதான் காரணம். எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சோனியில் ஃபுல் பிக்சல், சாம்சங்கில் ஸ்க்ரீன் ஃபிட் என்று தேடுங்கள். பழைய 4:3 படத்தைப் பக்கவாட்டில் இழுத்து எல்லோரையும் குண்டாக்கிப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

சினிமா பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. படம் நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுகிறது. இரண்டு ஃபிரேமுக்கு நடுவே இல்லாத ஃபிரேம்களை டிவி தானாகவே வரைந்து சேர்ப்பதால்தான் சினிமா, சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எல்ஜி இதை ட்ரூமோஷன் என்கிறது, சோனி மோஷன்ஃப்ளோ என்கிறது, சாம்சங் பல மாடல்களில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்று வைத்திருந்தது. 2018 டிசம்பரில் டாம் க்ரூஸே படப்பிடிப்புத் தளத்திலிருந்து வீடியோ போட்டு, இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டே, இதையெல்லாம் அணைத்து இயக்குநர் நினைத்தபடி படத்தைக் காட்டுகிற ஃபிலிம்மேக்கர் மோட் அறிவிக்கப்பட்டது. உங்கள் டிவியில் அது இருந்தால் சினிமாவுக்கு அதையே போடுங்கள், பாதி வேலை மிச்சம். விளையாட்டுக்கு அந்தச் செயற்கை ஃபிரேம்கள் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், தடையில்லை.

ஓஎல்இடி வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன பின்விளக்குக் கவலை கிடையாது. அங்கே ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. ஆனால் ஒரே சேனலை நாள் முழுக்க உச்ச வெளிச்சத்தில் ஓடவிட்டால் லோகோ திரையில் பதிந்துவிடும். ரிமோட்டில் அணைத்தவுடனே சுவரிலும் ஸ்விட்சை அணைக்கிற பழக்கத்தை இங்கே மட்டும் விடுங்கள். ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் அது தன் புள்ளிகளைச் சரிசெய்துகொள்கிறது.

எந்த டிவியானாலும் திரையில் நேராக எதையும் தெளிக்காதீர்கள். வழிகிற தண்ணீர் கீழ் விளிம்புக்குள் இறங்கி, பேனலோடு ஒட்டியிருக்கும் நுண்ணிய இணைப்புகளை அரித்துவிடும். அப்புறம் திரையில் விழுகிற கோடு எந்தச் செட்டிங்கிலும் போகாது. பேனல்தான் மாற்ற வேண்டிவரும். அணைத்து, ஆறவிட்டு, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடைத்தால் போதும்.

இனி ரிமோட்டை எடுங்கள். வழக்கமாக டிவி பார்க்கிற நேரத்தில், வழக்கமான வெளிச்சத்தில் உட்காருங்கள். முதலில் எனர்ஜி சேவிங்கையும் டைனமிக் கான்ட்ராஸ்டையும் அணையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒரு பக்கம் வைக்க, டிவி இன்னொரு பக்கம் இழுக்கும். மோடை சினிமாவுக்கு மாற்றுங்கள். பேக்லைட்டைக் கண் கூசாத அளவுக்கு இறக்குங்கள். கறுப்பு உடை வருகிற ஒரு காட்சியை நிறுத்தி, துணி மடிப்பு லேசாகத் தெரியும் இடத்தில் பிரைட்னஸை விட்டுவிடுங்கள். பல டிவிகள் ஒவ்வொரு எச்டிஎம்ஐக்கும் தனித்தனியாகச் செட்டிங் வைத்துக்கொள்ளும், ஆகவே செட்டாப் பாக்ஸில் செய்ததை மற்ற இணைப்புகளிலும் செய்யுங்கள். எச்டிஆர் படம் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் அதிகம் காட்டும்படி செய்த படம்) வரும்போது மட்டும் பேக்லைட் தானாக உச்சத்துக்குப் போனால் பதற வேண்டாம். அந்தப் படத்தை எடுத்த விதம் அப்படி, முடிந்ததும் அதுவே இறங்கிவிடும்.

அந்த அம்மா வீட்டில் பட்டையை மாற்றிய பிறகு 40-இல் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையிலேயே போன்: "தம்பி, படம் கொஞ்சம் மங்கலா இருக்கே, ஏத்திடட்டுமா?" ஒரு வாரம் மட்டும் தொடாமல் இருங்கள் அம்மா என்று கெஞ்சியிருக்கிறேன். புதன்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.