கைக்கும் கண்ணுக்கும் நடுவே எத்தனை அங்குலம்?

12 புள்ளி (எழுத்தின் அளவைச் சொல்லும் 'பாயின்ட்' என்ற அலகு) எழுத்தில் அச்சிட்ட ஓர் ஏ4 பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பாடக்குறிப்பாக இருக்கலாம், ஆய்வறிக்கையாக இருக்கலாம். அதையே பி.டி.எஃப். கோப்பாகக் கைபேசியில் திறந்து, பக்கம் முழுவதும் தெரியும்படி வைத்தால், 21 சென்டிமீட்டர் அகலத் தாள் சுமார் 7 சென்டிமீட்டருக்குள் ஒடுங்கிவிடும். 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளில்கூடப் பெரும்பாலும் இதைவிடப் பெரிய எழுத்துதான் இருக்கும்.

14 அங்குல லேப்டாப்பில் திறந்தால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் அதன் திரை படுத்தவாக்கில் இருக்கிறது. உயரம் 19 சென்டிமீட்டர்தான். கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் உயரமுள்ள பக்கத்தை அதற்குள் முழுதாக நுழைத்தால் எழுத்து ஏழரைப் புள்ளிக்கு வந்துவிடும். 10 அங்குல டேப்லெட் ஒன்றை நெட்டுவாக்கில் பிடித்துப் பாருங்கள்: அதே பக்கம் 8 புள்ளிக்குச் சற்று மேலே நிற்கிறது. 13 அங்குல டேப்பில் பத்தரையைத் தாண்டுகிறது. முழுப் பக்கம் என்று வந்துவிட்டால், 14 அங்குல மடிக்கணினியைவிட 10 அங்குல டேப்லெட்டே பெரிதாகக் காட்டுகிறது. அதுவும் கண்ணுக்கு இன்னும் பக்கத்தில்.

கைபேசித் திரை ஏழு அங்குலத்தை நெருங்கிவிட்டது, மடிக்கணினியின் எடை ஒரு கிலோ வரை இறங்கிவிட்டது, இடையில் டேப்லெட்டுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் அதிகம். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் மூன்றையும் ஒரே ஏணியின் மூன்று படிகளாக நினைத்துக்கொண்டு, நினைவகத்தையும் செயலியின் வேகத்தையும் ஒப்பிட்டால் விடை கிடைக்காது. திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம், மணிக்கட்டு தாங்கும் எடை, விரல்நுனியின் அகலம்: இந்த மூன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். டேப்லெட் என்று ஒரு பொருள் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. 8 அங்குலம் ஒரு கருவி, 13 அங்குலம் முற்றிலும் வேறொரு கருவி.

முதலில் அந்த அங்குலக் கணக்கு. திரையின் அளவை மூலைவிட்டத்தால் சொல்வது வழக்கம். நாம் பயன்படுத்துவதோ பரப்பை. 6.7 அங்குலக் கைபேசியின் திரை ஒல்லியானது, அதன் பரப்பு சுமார் 17 சதுர அங்குலம். நான்குக்கு மூன்று விகிதத்தில் அமைந்த 8 அங்குல டேப்பின் பரப்பு 30-க்கும் மேல். பெயரில் 1.3 அங்குலம்தான் கூடியிருக்கிறது, இடம் ஏறக்குறைய இரு மடங்கு. அதே விகிதத்தில் 10 அங்குலத் திரை 48 சதுர அங்குலம், 13 அங்குலத் திரை 81. அகலத்திரையாகச் செய்தால் அதே 10 அங்குலம் 45-க்குக் குறைந்துவிடும். படம் பார்க்க நன்றாக இருக்கும், பக்கம் படிக்கச் சற்று நெருக்கும். ஏ4 தாளின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் 1.41. நான்குக்கு மூன்று என்பது 1.33, மூன்றுக்கு இரண்டு என்பது 1.5. தாளைப் போலப் படிக்க வேண்டுமென்றால் இவ்விரண்டில் ஒன்றைத் தேடுவது நல்லது.

இனி கண். நல்ல பார்வை உள்ளவர்கள் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கைபேசியை 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் அந்தக் கோணம் 0.087 மில்லிமீட்டர் இடைவெளியாகிறது. அங்குலத்துக்கு 291 பிக்சல், அதாவது திரையின் ஒளிப்புள்ளிகள், இருந்தால்தான் அவை தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாமல் மறையும். டேப்லெட்டைச் சற்றுத் தள்ளி, 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடிக்கிறோம். அங்கே 218 போதும். 2012-இல் வந்த ஆப்பிளின் மூன்றாம் தலைமுறை ஐபேட், அங்குலத்துக்கு 264 பிக்சல் என்று நின்றதன் பொருள் இதுதான். கைபேசியைவிட அடர்த்தி குறைவு என்பதால் டேப்பின் திரை மட்டம் என்று நினைக்கத் தேவையில்லை. தூரம் அந்தக் குறையை விழுங்கிவிடுகிறது.

நாற்பது வயதைத் தாண்டியதும் இந்தத் தூரமே ஒரு பிரச்சினையாகிறது. கண்ணின் வில்லை நெகிழ்வை இழந்து, அருகிலுள்ளதைக் குவிக்க மறுக்கிறது. வெள்ளெழுத்து என்கிறோம். 30 சென்டிமீட்டரில் படித்துவந்தவர் கைபேசியை 45 சென்டிமீட்டருக்குத் தள்ளிப் பிடிக்கத் தொடங்குகிறார். எழுத்து முன்பு போலவே தெரிய வேண்டுமென்றால் அதை ஒன்றரை மடங்கு பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கியதும் ஒரு வரியில் அடங்கும் எழுத்துகள் மூன்றில் இரண்டு பங்காகக் குறைகின்றன. தமிழில் இது இன்னும் கடுமை. நம் எழுத்துகள் அகலமானவை, சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்பவை. 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற ஒரு சொல்லே கைபேசியின் ஒரு வரியை நிரப்பிவிடும், அல்லது உடைந்து அடுத்த வரிக்குப் போகும். படிக்கும்போது கண் வழுவழுவென்று நகர்வதில்லை. தாவித் தாவி நின்று, ஒவ்வொரு நிற்பிலும் சில எழுத்துகளை அள்ளுகிறது. வரி மிகக் குறுகினால் வரிமுடிவிலிருந்து அடுத்த வரித் தொடக்கத்துக்குத் திரும்பும் வேலையே பெரிதாகிவிடும். வயதான ஒருவருக்குக் கைபேசியின் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டு 'இனிமேல் படிக்கலாம்' என்று நகர்ந்துவிடுகிறோம். அவருக்கு எழுத்து கிடைத்தது, வாக்கியம் கிடைக்கவில்லை. பெரிய எழுத்தையும் போதிய வரி அகலத்தையும் சேர்த்துத் தர 8 அங்குலமாவது வேண்டும். டேப்லெட்டின் பயன்களில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். இதைப் பற்றிப் பேச்சே குறைவாக இருப்பது எனக்கு வருத்தம்.

திரை பெரிதானால் கண்ணுக்கு நல்லது என்றால், எல்லோரும் 13 அங்குலமே வாங்கிவிடலாமே? மணிக்கட்டு ஒப்புக்கொள்ளாது. 2010-இல் வந்த முதல் ஐபேடின் எடை 680 கிராம், அகலம் 19 சென்டிமீட்டர். 2012-இன் ஐபேட் மினி 308 கிராம், அகலம் 13.5 சென்டிமீட்டர். எடை பாதிக்கும் குறைவு. ஆனால் ஓரத்தைப் பிடித்திருக்கும் கை உணர்வது வெறும் எடையை மட்டுமன்று. எடையையும், பிடித்த இடத்திலிருந்து கருவியின் நடுப்புள்ளிக்கு உள்ள தூரத்தையும் பெருக்கி வரும் திருப்புவிசையையும்தான். எடையும் குறைந்து தூரமும் குறைந்ததால் மணிக்கட்டின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஒரு கையில் பிடித்தபடி படுத்துக்கொண்டு படிக்க முடிவதும் முடியாமல் போவதும் இந்தப் பெருக்கல் கணக்கில் இருக்கிறது. பெரிய டேப்பை மடியில் கிடத்திப் படிக்கலாம். அப்போது தலை குனிந்து கழுத்து வலிக்கும். அதற்கு ஒரு தாங்கி தேவை. ஆகவே 13 அங்குலம் என்பது மேசைக்கான பலகை, கைக்கான புத்தகம் ஆகாது.

சிறிய டேப்லெட்டை ஒரு காலத்தில் ஒதுக்கியவர் சாதாரண ஆள் இல்லை. 2010 அக்டோபரில், அப்போது ஆப்பிளின் தலைவராக இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ், 7 அங்குல டேப்லெட்டுகள் பிறக்கும்போதே இறந்தவை என்றார்; விரல்நுனியைத் தேய்த்துச் சிறிதாக்க உப்புத்தாளும் உடன் தர வேண்டும் என்றார். அவர் சொன்னதில் உண்மையான ஒரு சிக்கல் இருந்தது. தொடுதிரைக்குள் கண்ணாடியோடு கண்ணாடியாக, இண்டியம் டின் ஆக்சைடு போன்ற ஒளிபுகும் மின்கடத்தியால் ஆன குறுக்கும் நெடுக்குமான கோடுகள் இருக்கின்றன. கோடுகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் சிறு மின்புலம். விரல் அருகே வந்ததும் அதில் ஒரு பகுதியை நம் உடல் ஈர்த்துக்கொள்கிறது. எங்கெங்கே எவ்வளவு குறைந்தது என்று அளந்து, அந்தக் குறைவுகளின் மையத்தைக் கணக்கிட்டால் விரல் இருக்கும் இடம் கிடைக்கும். கோடுகளுக்கிடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தும் அதைவிடப் பல மடங்கு நுட்பமாக இடத்தைச் சொல்ல முடிவது இந்தக் கணக்கால்தான். எனவே திரையின் துல்லியம் தடையாக இல்லை. விரல் அகலமாக இருப்பதும், தொடும்போது இலக்கை அதுவே மறைத்துவிடுவதும்தான் தடை.

ஐபேட் மினி இதை அழகாகத் தீர்த்தது. பெரிய ஐபேடின் அதே 1024-க்கு 768 பிக்சல்களை 7.9 அங்குலத்துக்குள் அடக்கினார்கள். அங்குலத்துக்கு 132 ஆக இருந்தது 163 ஆனது. 44 அலகு அகலம் (இந்தத் திரைகளில் ஓர் அலகு என்பது ஒரு பிக்சல்) என்று வகுத்திருந்த பொத்தான், பெரிய ஐபேடில் எட்டரை மில்லிமீட்டர், மினியில் 6.9. 163 என்பது 2007-இன் முதல் ஐபோனின் அடர்த்தி. அதிலும் அந்தப் பொத்தான் 6.9 மில்லிமீட்டர்தான். ஐந்து ஆண்டுகளாகக் கோடிக்கணக்கான விரல்கள் தடுமாறாமல் தொட்டுப் பழகிய அளவு அது. யாரும் விரலைத் தேய்க்க வேண்டியிருக்கவில்லை.

தட்டச்சுக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. முழு அளவு விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். 9.7 அங்குல டேப்பைப் படுக்கவைத்தால் திரை அகலம் 197 மில்லிமீட்டர். மேல்வரிசையில் பதினொரு விசைகள் என்றால் விசைக்கு 18. பத்து விரலுக்கும் இடம் உண்டு. 8 அங்குலத்தில் பதினைந்துக்கும் கீழே போய்விடும்: பத்து விரலுக்கு நெருக்கம், இரண்டு கட்டைவிரலுக்கோ அதிகத் தூரம். கைபேசியில் 7 மில்லிமீட்டர். அது கட்டைவிரல்களின் ராஜ்ஜியம். நிறைய எழுதுபவருக்கு 8 அங்குலம் ஒத்துவராது. 10 அங்குலத்திலும் விசை அழுந்தும் உணர்வு இல்லை, பார்க்காமல் விரலை வைக்க மேடு இல்லை. பாதித் திரையை விசைப்பலகையே தின்றுவிடும். நீண்ட கட்டுரை எழுதவும், பல சாளரங்களைத் திறந்து வைத்து வேலை செய்யவும் மடிக்கணினியே சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கையெழுத்தும் வரைதலும் வேறு. மடிக்கணினியின் செங்குத்துத் திரையில் கையை நீட்டிச் சில நிமிடங்கள் வரைந்தால் தோள் கனக்கும். கிடத்திய பலகையில் கை ஓய்வாக ஊன்றி நிற்கும். சில டேப்லெட்டுகளின் பேனாவுக்குள் பேட்டரியே இல்லை: திரைக்குப் பின்னால் உள்ள பலகை மின்காந்த அலையை அனுப்புகிறது, பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அதில் அதிர்ந்து திருப்பி அனுப்புகிறது, அழுத்தத்துக்கேற்ப அந்த அதிர்வு மாறுகிறது. வேறு சில பேனாக்கள் தம் பேட்டரியிலிருந்து நுனிவழியே தாமே சைகை அனுப்புகின்றன. இரண்டிலும் கருவிக்குப் பேனா எது, உள்ளங்கை எது என்று தெரியும். மிச்சம் இருப்பது தாமதம். வினாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் கோடு இழுத்தால், 20 மில்லிவினாடித் தாமதத்தில் மை பேனாவுக்கு 6 மில்லிமீட்டர் பின்னால் ஓடிவரும். 2019-இல் ஆப்பிள் தன் பென்சிலின் தாமதத்தை 20-லிருந்து 9 மில்லிவினாடியாக்கியதாக அறிவித்தது. மை மூன்று மில்லிமீட்டருக்குள் நெருங்கிவிட்டது. பேனா அடுத்து எங்கே போகும் என்று முன்கூட்டியே கணிப்பதும் அதில் அடக்கம்.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. ஐபேட் 2-இல் 25 வாட்-மணி (பேட்டரி தேக்கும் ஆற்றலின் அலகு) பேட்டரி. அடுத்த தலைமுறையில் திரை அளவு அதேதான், பிக்சல் மட்டும் நான்கு மடங்கு. பேட்டரி 42.5 வாட்-மணி ஆனது. இரண்டும் தந்தது அதே 10 மணி நேரம். பிக்சல்கள் நெருங்க நெருங்க ஒளி புகும் சந்து குறுகுகிறது, பின்னொளியைக் கூட்ட வேண்டியிருக்கிறது. டேப்லெட்டின் எடையில் ஒரு நல்ல பங்கு, திரையை எரியவைக்கும் பேட்டரியின் எடை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், கைபேசியும் மடிக்கணினியும் கையில் உள்ளவருக்கு 10, 11 அங்குல நடுத்தரம்தான் பலவீனமான தேர்வு என்பேன். ஒரு கையில் நிற்காது, பக்கத்தை முழு அளவில் காட்டாது. ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும், அதிகம் தட்டச்சு செய்யவும் வேண்டாம் என்பவருக்கு அதுவே நல்ல தேர்வாகிவிடுகிறது. படிப்பவருக்கு 8, வரைபவருக்கும் தாள்களோடு வாழ்பவருக்கும் 13. இவை இரண்டும் மற்ற கருவிகளால் முடியாததைச் செய்கின்றன.

8 அங்குலத்துக்கு மட்டும் ஒரு போட்டி வந்திருக்கிறது. 2019-லிருந்து விற்கும் மடிப்புக் கைபேசிகள் விரித்தால் 7 முதல் 8 அங்குலம், கிட்டத்தட்ட சதுரம்; பரப்பில் சிறிய டேப்லெட்டைத் தொட்டுவிட்டன. படிப்பதற்குப் போதும், பையில் தனியாக இன்னொன்று வேண்டாம். ஆனால் மடிய வேண்டுமென்றால் திரையின் மேல்பரப்பு மென்மையாக இருந்தாக வேண்டும். 2021-இல் சாம்சங் தன் மடிப்புக் கைபேசியில் முதன்முதலாகப் பேனாவை அனுமதித்தபோது, அதற்கென்றே தனிப் பேனா செய்ய வேண்டியிருந்தது: கொஞ்சம் அழுத்தமாக எழுதினால் நுனி உள்ளே போய்விடும், திரையில் பள்ளம் விழாமல்.