மார்கழியில் நகக்கோடு ஏன் வெள்ளையாக விழுகிறது?

தர்மபுரிப் பக்கத்து வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “விடியற்காலையில் கூரை ஓட்டிலிருந்து சொட்டுகிற அளவுக்குப் பனி பெய்கிறது. காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும்போது பிள்ளைகளுக்குக் கை கால் மட்டும் எப்படிக் காய்ந்து வெள்ளை பூத்துப் போகிறது?”

நியாயமான கேள்வி. பனி பெய்கிறது என்றால், காற்று தன்னால் தாங்க முடியாத ஈரத்தை இறக்கி வைத்துவிட்டது என்று அர்த்தம். 16 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 13 கிராம் சொச்சம் நீராவியைத்தான் சுமக்கும். மதியம் அதே காற்று 30 டிகிரிக்குச் சூடானால் 30 கிராம் வரை சுமக்கலாம். ஆனால் கைவசம் இருப்பது கிட்டத்தட்ட அதே 13 கிராம்தான். விடியலில் 100 சதவீதமாக இருந்த ஈரப்பதம் மதியத்துக்குள் 45 பக்கம் விழுந்துவிடுகிறது. மழை ஓய்ந்தபின் வடகிழக்கிலிருந்து நிலத்தைக் கடந்து வரும் உலர்ந்த காற்றும் இதோடு சேர்ந்துகொள்கிறது. கொடியில் போட்ட துணியிலிருந்து ஈரத்தை எடுப்பதுபோல அது நம் தோலிலிருந்தும் எடுக்கிறது.

இது எளிய பகுதி. எனக்கு மிகப் பிடித்தது அந்த வெள்ளைதான்.

நான் படித்த பள்ளியில் மார்கழி வந்தால் கால்தான் சிலேட்டு. முழங்காலுக்குக் கீழே எலும்பு தட்டுப்படும் இடத்தில் நகத்தால் பெயர் எழுதுவோம். சுண்ணாம்புக் கட்டியால் எழுதியதுபோல வெள்ளையாக விழும். எச்சில் தொட்டு அழித்தால் மறையும். மணி அடிப்பதற்குள் திரும்பத் தெரியும். வீட்டுக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் தடவினால் அன்றைக்கு அந்தப் பெயர் போய்விடும்.

நகத்தில் வெள்ளை நிறம் இல்லை. தோலிலும் இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது?

நம் தோலின் மேலடுக்கு முழுக்க இறந்த செல்கள். தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, 15 முதல் 20 வரிசை. மொத்தக் கனம் ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. செல்கள் செங்கல், நடுவே இருக்கும் கொழுப்பு பூச்சுக் கலவை என்று அமெரிக்கத் தோல் மருத்துவ ஆய்வாளர் பீட்டர் எலையாஸ் 1980களில் விளக்கினார். அந்தச் சுவர் ஈரமாக இருக்கும்வரை ஒளி உள்ளே போய், தோலின் உண்மையான நிறத்தோடு திரும்பி வரும். காய்ந்ததும் செல்களின் ஓரங்கள் அப்பளம்போல மேலே வளைகின்றன. அடியில் காற்று புகுந்துகொள்கிறது. ஒரு பொருளுக்குள் நுழையும்போது ஒளி எவ்வளவு வளையும் என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். தோல் செல்லுக்கு அது ஏறத்தாழ 1.5, காற்றுக்கு 1. வித்தியாசம் பெரிது. அதனால் செல்லும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு எல்லையிலும் ஒளி திசை மாறிச் சிதறுகிறது. எல்லா நிறமும் சேர்ந்து சிதறினால் கண்ணுக்கு வெள்ளை. கண்ணாடிபோல இருக்கும் கல் உப்பு, பொடித்ததும் வெள்ளையாவது இப்படித்தான். நகம் செய்கிற வேலை, ஏற்கெனவே கிளம்பியிருக்கும் ஓரங்களை இன்னும் தூக்கிவிடுவது.

இப்போது எண்ணெய்க்கு வாருங்கள். தேங்காய் எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.45. இடைவெளியில் காற்று இருந்த இடத்தில் அது போய் உட்கார்ந்ததும், தோலுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாமல் ஒளி நேராகப் போய்விடுகிறது. வடை சுற்றிய செய்தித்தாளில் எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும் மறுபக்கத்து எழுத்து தெரியும், பார்த்திருப்பீர்கள். அதே சங்கதி. எச்சிலும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் சில நிமிடத்தில் ஆவியாகிவிடும்.

ஓரங்கள் ஏன் கிளம்புகின்றன என்பது இதைவிட அழகு. மேலடுக்கிலிருந்து செல்கள் தினமும் கண்ணுக்குத் தெரியாமல் உதிர வேண்டும். பக்கத்துச் செல்லோடு ஒவ்வொன்றையும் சிறு புரத ஆணிகள் பிணைத்திருக்கின்றன. அந்த ஆணிகளை வெட்டுவதற்கென்றே சில நொதிகள் உண்டு. அந்தக் கத்தரிகள் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். வறட்சியில் அவை மந்தமாகிவிட, ஆணிகள் அரைகுறையாக வெட்டுப்படுகின்றன. தனித்தனியாக உதிர வேண்டிய செல்கள் நூற்றுக்கணக்கில் கொத்தாக ஒட்டிக்கொண்டு செதிலாகத் தூக்கி நிற்கின்றன. சாம்பல் பூத்ததுபோலத் தெரிவது இதுதான். இதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் பிள்ளையின் காலைத் தேய்க்காதீர்கள். உதிரத் தயாராகாத செல்களும் பிய்ந்துபோய், கீழே இருக்கும் சுவர் ஓட்டையாகும்.

ஆக, குறைந்திருப்பது தண்ணீர். இதை 1952இல் அமெரிக்க விஞ்ஞானி இர்வின் பிளாங்க் அருமையாகக் காட்டினார். காய்ப்புத் தோல் துண்டுகளை உலர்த்தி எண்ணெய் வகைகளில் ஊறப்போட்டார். அவை எத்தனை நாள் ஊறியும் விறைப்பாகவே இருந்தன. தண்ணீரில் போட்டதும் துவண்டன. எண்ணெயில் பொரித்த அப்பளம் முறுகலாகவே இருக்கிறது, மழைக்காற்று பட்டால் நமுத்துப் போகிறது அல்லவா? எண்ணெயின் உண்மையான வேலை, உள்ளே இருக்கும் தண்ணீர் போகாமல் மூடி வைப்பது.

அதனால்தான் எப்போது தடவுகிறோம் என்பது முக்கியம். குளித்துவிட்டுத் துண்டால் ஒற்றி எடுத்த கையோடு, உடம்பு லேசாக ஈரமாக இருக்கும்போதே தடவ வேண்டும். காய்ந்தபின் தடவினால் வெள்ளை மறையும், வறட்சி அப்படியே இருக்கும். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டு அரை மணி நேரம் நிற்பதும், கால் முழுக்கச் சோப்புப் போடுவதும் அந்தப் பூச்சுக் கலவையையே கரைத்து எடுத்துவிடும். அக்குளுக்கும் மடிப்புகளுக்கும் சோப்புப் போட்டால் போதும். உதட்டை நாக்கால் தடவும் பழக்கம் பிள்ளைகளுக்கு இருந்தால் நிறுத்துங்கள். எச்சில் ஆவியாகும்போது உதட்டின் ஈரத்தையும் கொண்டுபோகிறது.

தண்ணீர் நிறையக் குடித்தால் தோல் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மேல்தோல் காய்வது வெளிக்காற்றால். குடிக்கும் தண்ணீர் நேரே அங்கே போய்ச் சேராது. ஆனாலும் குளிரில் தாகம் தெரியாது, சிறுநீர் அதிகம் போகும். உடம்புக்காகக் குடிக்கத்தான் வேண்டும்.

தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலுக்கு நிகராக உதவுகிறது என்று பிலிப்பைன்ஸ் நாட்டு ஆய்வு ஒன்று 2004இல் சொன்னது. பங்கேற்றவர்கள் 34 பேர்தான். நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிக்கும் வழக்கம் நம்மிடம் இவ்வளவு காலமாக இருக்கிறது. அதற்குப்பின் தோலிலிருந்து மணிக்கு எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று கருவி வைத்து, ஆயிரம் பேரிடம் அளந்து சொல்ல வேண்டும். காப்புரிமை வாங்க முடியாத எண்ணெய்க்கு எந்த கம்பெனியும் காசு செலவழிக்காது. அரசுப் பணம்தான் வர வேண்டும். “பாட்டி சொன்னால் சரி”, “பாட்டி சொன்னால் மூடநம்பிக்கை” என்று இரண்டு கட்சியாகச் சண்டை போடுவதைவிட அளந்து பார்ப்பது மேல்.

ஒன்றை மட்டும் அளக்காமலே சொல்லிவிடலாம். பித்தவெடிப்புக்கும் பித்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. தடித்துக் காய்ந்த குதிகால் நம் எடை விழும்போது விரியத் தெரியாமல் பிளக்கிறது, அவ்வளவுதான். பித்தம் தணியட்டும் என்று கஷாயம் குடித்துக்கொண்டே வெடிப்பை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த வெடிப்பு வழியாகத்தான் பல நேரம் புண் தொடங்குகிறது.

என் அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பல வருடமாகிறது. தை முடியும்வரை ராத்திரி படுக்கும் முன் அவர் காலை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, குதிகாலில் மட்டும் வாசலின் தடவிப் பருத்திச் சாக்ஸ் மாட்டிவிடுவேன். கால் வைப்பதற்கு முன் தண்ணீரின் சூட்டை நான்தான் கை விட்டுப் பார்ப்பேன். அவர் காலுக்கு அது தெரிவதில்லை.