இந்த வாரம் எந்தத் தாய்க்கு போன் போடுவது?

இந்தியாவில் இன்று பத்துப் பிரசவங்களில் கிட்டத்தட்ட ஒன்பது மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி சரியாக 88.6 சதவீதம். அதே ஆய்வில்தான் இதுவும் இருக்கிறது: கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்ப காலத்தில் இரும்புச்சத்து மாத்திரையை 180 நாட்களாவது சாப்பிட்டவர்கள் வெறும் 26 சதவீதம்.

மாத்திரை அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வாங்கி வந்த பிறகுதான் சிக்கல். சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, குழந்தை கறுத்துப் பிறக்கும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்கிறார்கள். "கறுப்பாகப் போவது சாதாரணம்தான், சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் புரட்டல் குறையும்" என்று அந்த நேரத்தில் ஒருவர் சொன்னால் போதும், பலர் மாத்திரையை நிறுத்த மாட்டார்கள். அடுத்த பரிசோதனைக்கோ இன்னும் மூன்று வாரம் இருக்கும். அந்த இடைவெளியில் வீட்டுக்குள் ஒரு நம்பகமான குரலைக் கொண்டுபோக முடியுமா என்பதுதான் தாய்மை நலத்துக்கான டிஜிட்டல் ஆய்வுகளில் பெரும்பகுதி கேட்கும் கேள்வி.

மும்பையில் டாக்டர் அபர்ணா ஹெக்டே 2008-ல் தொடங்கிய ஆர்மான் என்ற தொண்டு நிறுவனம் இதற்குத் தேர்ந்தெடுத்த கருவி சாதாரண போன் அழைப்பு. ஸ்மார்ட்போன் வேண்டாம், இணையம் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எம்மித்ரா என்று பெயர். பதிவு செய்யும்போது பெண்ணின் கர்ப்பம் எத்தனையாவது வாரம், எந்த மொழி, எந்த நேரத்தில் அழைத்தால் வசதி என்று கேட்டுக்கொள்கிறார்கள். அப்புறம் வேலையெல்லாம் கணினியுடையது. ஒவ்வொரு வாரமும் கர்ப்பத்தின் வயதைக் கணக்குப் போட்டு, அந்த வாரத்துக்கான ஒலிப்பதிவை எடுத்து, அவர் சொன்ன நேரத்தில் எண்ணைச் சுழற்றும். ஓரிரு நிமிடம் இந்தியிலோ மராத்தியிலோ ஒரு குரல் பேசும். ஐந்தாம் மாதப் பெண்ணுக்கு ஒரு செய்தி, ஒன்பதாம் மாதப் பெண்ணுக்கு வேறு செய்தி, குழந்தை பிறந்த பிறகு தடுப்பூசி, தாய்ப்பால் என்று தொடரும்.

மத்திய அரசு 2016 ஜனவரியில் தொடங்கிய கில்காரி திட்டமும் இதே வகைதான். கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒன்றாக 72 அழைப்புகள். நம்மூரில் கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் ஆர்.சி.எச். எண் ஒன்று தருகிறார்கள் அல்லவா, அதே தேசியப் பதிவுத் தளத்திலிருந்துதான் கில்காரி யாரை அழைப்பது என்ற பட்டியலை எடுக்கிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களை எட்டிய திட்டம் அது.

சரி, அழைப்பு போகிறது. கேட்கிறார்களா?

ஆரம்பத்தில் ஆர்வமாகக் கேட்பவர்களில் பெரும் பங்கினர் சில மாதங்களில் விட்டுவிடுகிறார்கள். இதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு. அந்த 2019–21 ஆய்விலேயே, தனக்கென்று ஒரு போன் வைத்துப் பயன்படுத்தும் பெண்கள் 54 சதவீதம்தான். மற்றவர்களுக்கு அது கணவரின் போன். காலையில் அவருடன் வேலைக்குப் போய்விடும். சிம் மாறும். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனால் எண்ணே மாறும். வசதியாக இருக்கும் என்று சொன்ன நேரத்தில் இப்போது தண்ணீர் பிடிக்க வேண்டியிருக்கும். காரணங்கள் இப்படி இருப்பதால், ஒலிப்பதிவை இன்னும் அழகாகத் தயாரிப்பது இங்கே உதவாது. ஒரு மனிதர் அழைத்து, "ஏம்மா எடுக்க முடியவில்லை?" என்று கேட்டு, நேரத்தையோ எண்ணையோ மாற்றிக் கொடுக்க வேண்டும்.

அப்படி அழைக்க ஆர்மானில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வாரத்தில் அவர்களால் மொத்தப் பெண்களில் ஒரு சிறு பங்கினரிடம்தான் பேச முடியும். யாரிடம் பேசுவது?

கூகுள் ரிசர்ச் இந்தியா குழுவும் ஆர்மானும் சேர்ந்து இந்தக் கேள்வியைக் கணிதமாக எழுதின. அந்தக் குழுவை வழிநடத்தியவர் மிலிந்த் தாம்பே. தொடக்கக்கட்ட ஆய்வில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலராமன் ரவீந்திரனும் பங்கெடுத்தார். எழுதிய விதம் எளிமையானது. ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு வாரமும் இரண்டு நிலைகளில் ஒன்றில் இருக்கிறார். அந்த வாரத்தில் ஓர் அழைப்பையாவது 30 விநாடிக்கு மேல் கேட்டிருந்தால் 'கேட்கிறவர்', இல்லையென்றால் 'கேட்காதவர்'. கேட்கிறவர் அடுத்த வாரமும் கேட்க ஒரு வாய்ப்பு உண்டு, கேட்காதவர் திரும்பி வர ஒரு வாய்ப்பு உண்டு. பணியாளர் பேசினால் அந்த வாய்ப்புகள் மாறும். மொத்தத்தில் ஒரு பெண்ணைப் பற்றி நான்கே நிகழ்தகவுகள் போதும்: இரண்டு நிலைகள், பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன.

இங்கேதான் நம் உள்ளுணர்வு தடுமாறுகிறது. மூன்று பெண்களை நினைத்துப் பாருங்கள் (எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை). முதல் பெண் அழைப்பையே எடுப்பதில்லை. பேசாவிட்டால் திரும்பி வர 5 சதவீத வாய்ப்பு, பேசினால் 10. இரண்டாவது பெண் தவறாமல் கேட்கிறவர். பேசாவிட்டால் 90, பேசினால் 92. மூன்றாவது பெண் சில வாரமாகத்தான் கேட்பதில்லை. பேசாவிட்டால் 30, பேசினால் 70. இரக்கம் முதல் பெண்ணிடம் போகச் சொல்லும். ஆனால் உங்கள் பத்து நிமிடம் அதிக மாற்றத்தைக் கொண்டுவருவது மூன்றாவது பெண்ணிடம்தான். யார் மோசமான நிலையில் இருக்கிறார் என்பதும், யாரிடம் நம் முயற்சி பலன் தரும் என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள்.

மூன்று பேர் என்றால் விரல்விட்டு எண்ணலாம். ஏழாயிரம் பேரிலிருந்து இருநூறு பேரைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழிகள் என்று கணக்கிட்டால் விடை பல நூறு இலக்கம் போகும். அதிலும் இந்த வாரத் தேர்வு அடுத்த வாரத்தைப் பாதிக்கும். நீங்கள் அழைக்காதவர்களும் அப்படியே நிற்பதில்லை, அவர்களும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த வகைச் சிக்கலுக்கு 'ரெஸ்ட்லெஸ் பேண்டிட்' என்று பெயர். நியூசிலாந்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கணிதவியலாளர் பீட்டர் விட்டில் 1988-ல் இதற்கு ஒரு குறுக்கு வழி சொன்னார்.

ஒரு பெண்ணுக்கு இந்த வாரம் போன் போடாமல் விட்டால் அதற்கு ஈடாக உங்களுக்கு ஒரு தொகை கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். தொகை சின்னதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு போன் போடுவீர்கள். தொகையைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் போட்டாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான் என்ற நிலை வரும். அந்தத் தொகைதான் அந்தப் பெண்ணுடைய விட்டில் குறியீடு. அவருக்குப் போன் போடுவதன் மதிப்பு எவ்வளவு என்பதை, இனி வரப்போகும் வாரங்களின் பலனையும் சேர்த்து, ஒரே எண்ணாக அது சொல்லிவிடுகிறது. ஆளுக்கு ஓர் எண். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலிருந்து இருநூறு பேரை எடுத்தால் வாரத்தின் பட்டியல் தயார். எல்லா நேரத்திலும் இது மிகச் சரியான விடையைத் தராது, ஆனால் நடைமுறையில் அதற்கு வெகு அருகில் வருகிறது.

இந்த நிகழ்தகவுகள் எங்கிருந்து வருகின்றன? புதிதாகப் பதிவு செய்த பெண்ணைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. வயது, படிப்பு, வருமானம், எத்தனையாவது பிரசவம், போன் யாருடையது, எந்த நேரம் கேட்டார் என்ற விவரங்கள் மட்டும் இருக்கின்றன. பழைய பதிவுகளில் ஒரே மாதிரி நடந்துகொண்ட பெண்களைக் குழுக்களாகப் பிரித்து, புதியவர் எந்தக் குழுவோடு ஒத்துப்போவார் என்று இயந்திரக் கற்றல் கணிக்கிறது. சாதியும் மதமும் இந்தக் கணக்கில் இல்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

2021-ல் நடந்த களச் சோதனைதான் என்னை இந்த ஆய்வின்பால் இழுத்தது. 23,003 பெண்கள், மூன்று குழுக்கள், ஏழு வாரங்கள். முதல் குழுவுக்கு விட்டில் குறியீடு சொன்ன வரிசையில் பணியாளர்கள் பேசினார்கள். இரண்டாவது குழுவுக்கு அதே எண்ணிக்கையில், ஆனால் பட்டியல் வரிசைப்படி ஒருவர் பின் ஒருவராக. மூன்றாவது குழுவை வழக்கம்போல விட்டார்கள், உதவி வேண்டுமென்றால் பெண்ணே மிஸ்டு கால் கொடுக்கலாம். மூன்று குழுக்களிலும் கேட்பவர்கள் குறைந்தார்கள். ஆனால் முதல் குழுவில் அந்தச் சரிவு மற்ற இரண்டைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. வரிசைப்படி பேசிய இரண்டாவது குழுவுக்கும், யாரும் தேடிப் பேசாத மூன்றாவது குழுவுக்கும் புள்ளியியல்படி சொல்லிக்கொள்ளும் வித்தியாசமே இல்லை. அதே உழைப்பு, அதே எண்ணிக்கை அழைப்புகள். யாரிடம் பேசினார்கள் என்பது மட்டும் மாறியது, பலன் மொத்தமாக மாறிவிட்டது. 2022-ல் இந்த முறை எம்மித்ராவின் அன்றாட வேலையிலேயே சேர்ந்துவிட்டது.

ஆனாலும், கேட்பது வேறு, ஆரோக்கியம் வேறு. 30 விநாடி காதில் போன் இருந்தது என்பதால் மாத்திரை வயிற்றுக்குள் போய்விட்டது என்று ஆகாது. இதைக் கில்காரி சோதனை முகத்துக்கு நேராகக் காட்டியது. மத்தியப் பிரதேசத்தின் நான்கு மாவட்டங்களில் 5,095 கர்ப்பிணிகளைச் சீரற்ற முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு அழைப்பு போக, மீதிப் பேருக்குப் போகாமல் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வெளியானது. நவீனக் குடும்பக்கட்டுப்பாட்டு முறைகளைப் பயன்படுத்துவது 3.7 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. முழுக்கத் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதில் மாற்றம் இல்லை. யோசித்தால் புரியும். தாய்ப்பால் தாய் ஒருத்தியின் முடிவு இல்லை. மாமியார் ஊட்டும் சர்க்கரைத் தண்ணீர், பால் போதவில்லை என்ற பயம், வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் எல்லாம் அதில் இருக்கின்றன. போனில் வரும் குரல் அந்தக் கூட்டத்தில் ஒன்று, அவ்வளவுதான்.

எம்மித்ராவில் அழைப்பு வரிசை மாறியதால் உடல்நலப் பழக்கம் மாறியதா என்று பார்த்த ஆரம்பக்கட்ட ஆய்வு ஒன்று, பிரசவத்துக்குப் பிறகு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைத் தொடர்வது கூடியிருப்பதாகக் கண்டது. நல்ல அறிகுறி. ஆனால் ரத்தசோகை குறைந்ததா என்பது ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அத்தகைய ஆய்வுகள் இந்தத் துறைக்கு நிறைய வேண்டும்.

அந்த முதல் பெண்ணையும் விட முடியாது. குறியீட்டு வரிசையில் அவர் பெயர் மேலே வரவே வராமல் போகலாம். ஐந்திலிருந்து பத்துக்கு மட்டுமே அவரை நகர்த்த முடிகிறது என்றால், போன் அவருக்கு ஏற்ற வழி இல்லை என்று அந்த எண் நமக்குச் சொல்கிறது. அப்படிப்பட்டவர்களின் பட்டியலை வீடு தேடிப் போகும் ஆஷா பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கொடுக்கலாமே. அழைப்புப் பட்டியலின் அடிப்பகுதிக்கும் இப்படி ஒரு பயன் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கில்காரி அளவுக்குப் பெரிய திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் மனிதர் பேசுவது நடக்காத காரியம். அதனால் அங்கே ஆய்வாளர்கள் வேறு கேள்வியில் இறங்கியிருக்கிறார்கள்: எந்த நேரத்தில் அழைத்தால் எடுப்பார்? ஒவ்வொரு பெண்ணிடமும் எல்லா நேரத்தையும் முயன்று பார்த்தால் பிள்ளையே பிறந்துவிடும். ஆனால் பெண்களின் நாள் ஒழுங்கு சில பொதுவான வடிவங்களுக்குள் அடங்குகிறது. எனவே ஒருவரிடம் சில அழைப்புகளில் தெரிந்ததை, அவரைப் போன்ற மற்றவர்களிடம் ஏற்கெனவே தெரிந்ததோடு சேர்த்து, அவருக்கு ஏற்ற நேரத்தைச் சீக்கிரமே ஊகித்துவிடலாம். கணவரின் போன் வீடு திரும்பும் இரவு எட்டு மணியை, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, எடுத்த அழைப்புகளும் எடுக்காத அழைப்புகளும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.