பத்தில் ஒரு பங்கு கார், அதே இயற்பியல்

சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சட்டென்று தடம் மாறுகிறது. பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து காரின் பின்பக்கம் வெளியே இழுக்கிறது. ஸ்டியரிங்கை எப்போது, எவ்வளவு திருப்பினால் கார் மீளும்? நிஜக் காரில் இதைச் சோதிக்கப் பரந்த காலித் தளம் வேண்டும். சோதனை தப்பினால் காரே போய்விடும். நிலம் அரிதான சிங்கப்பூரில், ஆய்வுக்கூடத் தரையிலேயே ஓடும் 1:10 அளவு மின்காருக்குப் பெரிய மதிப்பு உண்டு என்று நினைக்கிறேன்.

பொம்மைக் கார் நிஜக் காரைப் பற்றி என்ன சொல்லிவிடும் என்று கேட்கலாம். நிறையவே சொல்லும். ஆனால் நீளத்தை மட்டும் சுருக்கினால் போதாது.

இந்த வித்தையை முதலில் செம்மைப்படுத்தியவர்கள் கப்பல் கட்டுநர்கள். 1872-இல் வில்லியம் ஃபுரூட் இங்கிலாந்தின் டார்க்கியில் தொட்டி கட்டி, சிறு கப்பல்களை இழுத்துப் பார்த்தார். நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவர் விதி. காருக்கும் அது பொருந்தும், ஏனென்றால் புவியீர்ப்பை யாராலும் சுருக்க முடியாது. வளைவில் கார் வழுக்காமல் திரும்ப, வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்து வரும் அளவு, ஈர்ப்பும் உராய்வும் சேர்ந்து தரும் வரம்பைத் தாண்டக் கூடாது. ஆரம் பத்தில் ஒன்றானால் வேகம் 3.16-இல் ஒன்றாக வேண்டும். 90 கிலோமீட்டர் சுமார் 28 ஆகிறது.

நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தில் ஒன்றாவதால் எடை ஆயிரத்தில் ஒன்று, அதாவது 1,500 கிலோவுக்கு 1.5 கிலோ. டயர் போகும் திசையிலிருந்து சற்றுத் திரும்பும்போது பக்கவாட்டில் எவ்வளவு விசை தருகிறது என்பதே அதன் பக்கவாட்டு விறைப்பு; அதுவும் அப்படியே. கார் சுழல்வதை எதிர்க்கும் நிலைமத் திருப்புத்திறனோ லட்சத்தில் ஒன்று.

சரி, இவை பொருந்தியதா என்று எப்படித் தெரியும்? விறைப்பை நீளத்தால் பெருக்கி, எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கிய தொகையால் வகுங்கள். விறைப்பு ரேடியனுக்கு 80,000 நியூட்டன், சக்கர இடைவெளி 2.7 மீட்டர், எடை 1,500 கிலோ, வேகம் நொடிக்கு 25 மீட்டர் என்றால் விடை 0.23. சின்னக் காரின் எண்களைப் போட்டாலும் 0.23. இந்த எண்ணுக்கு அலகு கிடையாது. இப்படிப்பட்ட எண்கள் எல்லாம் ஒத்துப்போனால் இரண்டு கார்களின் சமன்பாடும் ஒன்றே. 1914-இல் எட்ஜர் பக்கிங்காம் வெளியிட்ட தேற்றம்தான் இதற்கு அடிப்படை. 1990-களின் கடைசியில் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஷான் பிரென்னனும் ஆண்ட்ரூ அலேனும் ஓடும் பட்டையின் மேல் சிறு கார்களை விட்டு இதே கணக்கைக் கட்டுப்பாட்டு ஆய்வுக்குப் பயன்படுத்தினார்கள்.

பலர் கவனிக்கத் தவறுவது நேரத்தை. அதுவும் 3.16 மடங்கு சுருங்குகிறது. பெரிய காரில் ஒரு நொடியில் நடப்பது சின்னதில் 0.32 நொடியில் முடிந்துவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டார் 0.1 நொடி தாமதித்தால், நிஜக் காரில் அது 0.32 நொடித் தாமதத்துக்குச் சமம். பெரிய காருக்கு எழுதிய நிரலை அப்படியே ஏற்றினால் கார் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கலாம். அப்போது சூத்திரத்தைத் திருத்துவதைவிடத் தாமதத்தை அளந்து பார்ப்பதே பலன் தரும். அப்புறம் எடை. கணினியும், லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடாரும் ஏறினால் சின்னக் கார் எளிதில் 3 கிலோவை எட்டிவிடும். அந்த 0.23-ஐக் காக்க, டயரின் விறைப்பைக் கூட்ட வேண்டும், அல்லது இன்னும் மெதுவாக ஓட்ட வேண்டும். மெதுவாக ஓட்டினால் வழுக்கும் எல்லை பொருந்தாமல் போகும்.

ரப்பரும் கணக்குக்கு முழுசாகக் கட்டுப்படாது. சிங்கப்பூரில் அதைவிடப் பெரிய தடை மழை. சாலையில் 1 மில்லிமீட்டர் நீர்ப்படலம் என்றால் சின்னக் காருக்கு 0.1 மில்லிமீட்டர் வேண்டும். அவ்வளவு மெல்லிய நீரில் பரப்பு இழுவிசை ஓங்கி, நீர் வேறு விதமாக நடந்துகொள்ளும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அருகே, தானியங்கி வாகனங்களுக்காக 2017-இல் ஜூரோங்கில் திறக்கப்பட்ட ஏறத்தாழ 2 ஹெக்டர் தளத்தில் செயற்கை மழைக்கு ஏற்பாடு இருப்பது இதனால் இன்னும் பொருள் பெறுகிறது. உலர்ந்த தரையில் தேறிய கட்டுப்பாட்டு முறையும், ஈரத்தில் முழு அளவு காரின் டயர் எவ்வளவு பிடிக்கிறது என்ற அளவீடும் தனித்தனியாகவே கிடைக்க வேண்டும்.